எவருக்கும் தோன்றியிருக்கக்கூடிய பந்து

"கண்ண மூடிக்கோங்க தம்பி. மூடிட்டு விரலால தடவிப் பாருங்க."

புனே விமான் நகரில் எங்கள் அலுவலகத்துக்கு முதல்முறை வந்த அன்று, நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. கைப்பையிலிருந்து இரண்டு கோல்ஃப் பந்துகளை எடுத்து என் உள்ளங்கைகளில் ஒவ்வொன்றாக வைத்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. எண்ணெய் வைத்து இழுத்து வாரிய நரைத்த தலை, தொழிற்சாலைச் சீருடையின் நீலச் சட்டைக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பந்து முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்பு போல. "வித்தியாசம் தெரியலையே மேடம்" என்றேன். "அரே, அதான். யாருக்கும் தெர்ல" என்று சொல்லிவிட்டு, என் விரலைப் பிடித்து ஒரு பந்தின் நடுவட்டத்தில் மெல்ல நகர்த்தினார். அங்கே குழிகளின் விளிம்பு மட்டும் நகத்தில் லேசாகக் கீறியது.

நான் ஒரு காப்புரிமை முகவர். யாராவது ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை விண்ணப்பமாக எழுதிக் கொடுப்பதும், அதற்கு முன்பே உலகத்தில் வேறு எவராவது அதைக் கண்டுபிடித்திருக்கிறாரா என்று தேடிச் சொல்வதும் என் வேலை. சாத்தூரிலிருந்து புனே வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மனைவிக்கு மதுரையில் வங்கி வேலை, மகளும் அங்கேதான். விமான் நகரில் ஓர் ஒற்றை அறையில் நான் தனியாக இருந்தேன். அலுவலகத்தில் ஆங்கிலம், ஆட்டோவில் இந்தி, காய்கறிக் கடையில் கொஞ்சம் மராத்தி. தமிழ் என்பது தொலைபேசியில் மட்டும் வரும் மொழியாக இருந்தது. அதனால், அந்தப் பெண்மணி வாயைத் திறந்ததும் வந்த, இந்தி கலந்த வேலூர்ப் பக்கத்துத் தமிழ் பந்தைவிட என்னை அதிகம் இழுத்தது.

அவர் பிறந்தது புனேயிலேயே, கட்கியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இவர் டிப்ளமோ முடித்து, அச்சு வடிவமைப்பு கற்று, ரஞ்சன்காவில் கோல்ஃப் பந்தும் செய்யும் ஒரு ரப்பர் - பிளாஸ்டிக் பொருள் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்தார். நிக்டியில் வீடு. விடியும்போது கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு திரும்புவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் வேறு யாருமில்லை. ஒரே தம்பி ஓசூரில். நான் மேடம் என்று இரண்டாம் முறை கூப்பிட்டபோது கையைக் காட்டி நிறுத்தினார். "அரே, கம்பெனில எல்லாரும் அப்டித்தான் கூப்புடுறாங்க. நீங்களாச்சும் தமிழ்ல ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்களேன்." அக்கா என்றேன். தலையசைத்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்காதான்.

அக்காவின் கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. கோல்ஃப் பந்தில் குழிகள் அழகுக்காக இல்லை. வழவழப்பான பந்தை அடித்தால் குழியுள்ள பந்து போகும் தூரத்தில் பாதிகூடப் போகாது. குழிகள் காற்றைப் பந்தோடு இன்னும் கொஞ்சம் ஒட்டவைக்கின்றன; பந்துக்குப் பின்னால் அதை இழுத்துப் பிடிக்கும் சுழல் சிறுத்துப்போகிறது. ஆனால் பந்து இரண்டு பாதி அச்சுகளுக்கு நடுவே உருவாகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும், பிசிறு நிற்கும். பிசிறைத் தேய்த்து எடுக்கும்போது அந்தக் கோட்டுக்குப் பக்கத்துக் குழிகளின் ஆழம் குறைந்துவிடும். அப்புறம் பந்து ஒருபக்கமாக வைத்து அடித்தால் ஒருவிதமாகவும், திருப்பி வைத்து அடித்தால் வேறுவிதமாகவும் பறக்கும். இது இந்தத் தொழிலில் பழைய தலைவலி. எல்லோரும் செய்த வைத்தியமும் ஒன்றுதான்: தேய்மானத்தைக் கணக்கில் வைத்து, கோட்டருகே குழிகளை முதலிலேயே ஆழமாக வெட்டிவிடுவது.

அக்காவின் தொழிற்சாலையில் ஒருமுறை தேய்ப்பு இயந்திரம் தவறாக அமைக்கப்பட்டு ஒரு மூட்டைப் பந்துகள் அளவுக்கு மீறித் தேய்ந்துபோயின. கழிவுத் தொட்டிக்குப் போய்விட்டன. கழிவுப் பந்துகளைப் பக்கத்திலிருந்த ஒரு பயிற்சி மைதானத்தின் பயிற்சியாளர் வாங்கிப் போவது வழக்கம். அவர் அடுத்த முறை வந்தபோது, போன மூட்டையில் இருந்ததெல்லாம் ரொம்ப நேராகப் போகிறது, அதையே கொடுங்கள் என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் அவரோடு மைதானத்துக்குப் போய் நாலு பந்துகளைத் திரும்ப வாங்கி வந்தார். குழி ஆழமில்லை, ஆனால் அதிகமாகத் தேய்த்ததில் குழிகளின் மழுங்கிய உதடு போய், விளிம்பு கூராகிவிட்டிருந்தது. ஆழம் குறைந்ததை விளிம்பின் கூர்மை ஈடுகட்டியிருக்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டது. அதன்பின் அதைத் தற்செயலாக அல்ல, அச்சிலேயே வேண்டுமென்று கொண்டுவரப் பல வருடங்கள் போராடினார். ஷிப்ட் முடிந்த பிறகும், வார விடுமுறையிலும், யாரும் கேட்காமலேயே. கம்பெனியில் அவருக்கு 'டிம்பிள் மேடம்', அதாவது 'குழி மேடம்', என்று பெயர் விழுந்தது. அதை அவரே சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

கம்பெனி தன் பெயரில் விண்ணப்பம் போட்டது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். பிறகு காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. அதற்குள் கம்பெனி கோல்ஃப் பந்துத் தொழிலையே நிறுத்திவிட்டிருந்தது. விட்டுவிடலாம் என்றார்கள். அக்கா, அப்படியானால் என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். "அவ்ளோ ஈசியா குடுத்துட்டாங்க தம்பி. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார் என்னிடம். அந்த வருத்தம் எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை.

எங்கள் முதலாளி, சின்ன வழக்கு, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார். ஆட்சேபம் 'வெளிப்படை' என்ற ஒரே ஒரு சொல்லைச் சுற்றி இருந்தது. சட்டம் ஒரு கண்டுபிடிப்பு புதிதாக இருந்தால் மட்டும் போதாது என்கிறது; அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக்கூடியதாக இருக்கக்கூடாது. அந்த 'தேர்ந்த ஒருவர்' சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள். அவர் தன் துறையில் வெளிவந்த எல்லாவற்றையும் படித்திருப்பார், எதையும் மறக்கமாட்டார், ஆனால் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கமாட்டார். அவருக்குத் தோன்றியிருக்கும் என்றால் உங்களுக்குக் காப்புரிமை இல்லை. இதை அக்காவுக்கு விளக்கிச் சொன்னபோது, யாரோ தெரிந்தவரைப் பற்றிக் கேட்பதுபோல உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

விசாரணைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பயிற்சி மைதானத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். பயிற்சியாளர் அறுபது வயது மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். அவர் ஒரு முனையில் நின்று அடிக்க, அக்கா ஒரு குடையைப் பிடித்தபடி மைதானத்தின் மறுகோடிக்கு நடந்து போனார். தூரத்தில் அவர் உருவம் ஒரு விரலளவு தெரிந்தது. பந்தைக் கோடு கிடைமட்டமாக வைத்து அடித்தால் விழுந்த இடத்தில் சிவப்புக் கொடி, செங்குத்தாக வைத்து அடித்தால் வெள்ளைக் கொடி நடுவார். முதலில் சாதாரணப் பந்துகள். வெள்ளைகள் ஒரு கூட்டமாகவும் சிவப்புகள் அதற்கு முன்னால் தனிக் கூட்டமாகவும் நின்றன. பிறகு அக்காவின் பந்துகள். கொஞ்ச நேரத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்து, எது எந்தக் கூட்டம் என்று பிரிக்க முடியாமல் காற்றில் ஆடின. அக்கா அங்கிருந்து குடையை உயர்த்திக் காட்டினார். நானும் கையை உயர்த்தினேன். கைதட்ட வேண்டும்போல இருந்தது. பயிற்சியாளர் அடுத்த பந்தை வைத்துவிட்டதால் தட்டவில்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். "இவ்ளோ வருஷமா அந்தப் பக்கம் நான் ஒருத்திதான் நிப்பேன். இன்னிக்கித்தான் இந்தப் பக்கம் பாக்க ஒரு ஆளு இருந்துது" என்றார்.

விசாரணை காணொளியில் நடந்தது. அலுவலகத்தின் சின்ன அறையில் அக்கா பட்டுப்புடவை கட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகாரி இளைஞர், மரியாதையாகப் பேசினார், கோப்பை முழுதாகப் படித்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவர் முன்னால் இரண்டு பழைய ஆவணங்கள் இருந்தன. ஒன்று, கோட்டருகே குழிகளின் ஆழத்தை மாற்றிப் பந்தின் பறத்தலைச் சரிசெய்யலாம் என்கிறது. இன்னொன்று, குழியின் விளிம்பு கூராக இருந்தால் பறத்தல் மாறும் என்கிறது. இரண்டையும் படித்த ஒருவர் சேர்த்துப் பார்க்கமாட்டாரா என்பது அவர் கேள்வி. நான் வாதாடினேன். முதல் ஆவணம் ஆழத்தைக் கூட்டத்தான் சொல்கிறது, ஆழம் குறைந்தால் பந்து கெட்டுவிடும் என்று எச்சரிக்கவும் செய்கிறது. அதைப் படித்தவர் இதற்கு நேர் எதிர்த்திசையில்தான் போவார். விடையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் எல்லா வழியும் சுலபமாகத்தான் தெரியும் என்றேன். கூட்டுவதும் குறைப்பதும் வழக்கமான சோதனைக்குள் அடங்கும் என்றார் அவர்.

கடைசியில் அக்காவிடம், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி இந்தியில் கேட்டார். அக்கா இந்தியில், சுருக்கமாக, "ஐயா, இந்த மாதிரிப் பந்துகள் எல்லாக் கம்பெனியிலும் கழிவில் விழுந்திருக்கும். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றார். அதிகாரி, மற்றவர்கள் பார்க்கவில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். பார்க்காததற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்?

நிராகரிப்பு ஆணை சில வாரங்களில் வந்தது. நன்றாக எழுதப்பட்ட ஆணை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படியே எழுதியிருக்கக்கூடும். அக்காவுக்கு அதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். 'துறையில் தேர்ந்த எவருக்கும் இது தோன்றியிருக்கும்' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். சிறிது நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும் விமானம் ஒன்று கட்டடங்களை உரசுவதுபோலப் போனது.

"அந்தத் தேர்ந்த ஆளு நம்ம கம்பெனில இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும் தம்பி. எல்லாம் படிச்சவரு, எல்லாம் தெரிஞ்சவரு. நான் கேட்டா பதில் சொல்லிருப்பாரு. இவ்ளோ தனியா இருந்திருக்க வேணாம்."

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றேன். வேண்டாம் என்றார். "இன்னொருத்தர் வாயால அதையே இன்னொரு தடவ கேக்கணுமா? விடுங்க."

அதற்குப் பிறகு எங்களுக்குள் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் தொடர்பு விடவில்லை. அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவார், எழுத்து தெரியாது. கட்கியில் மராத்திப் பள்ளியில் படித்தவர். ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகைகளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அக்கா அதை எனக்கு அனுப்பிவிட்டு, உடனே போன் செய்வார். "யாருக்கு கல்யாணம்னு பாத்து சொல்லுங்க." நான் வாசிப்பேன். மணமகன், மணமகள், தாத்தா பாட்டி, தாய்மாமன் என்று ஒவ்வொரு பெயராக. "ஓ, அந்தப் பொண்ணா! அதுக்கு அதுக்குள்ள கல்யாண வயசு வந்துட்டுதா?" என்பார். "போகப் போறீங்களா அக்கா?" என்று கேட்டால், "எங்க போறது? போனா, நான் யாருன்னு எல்லாருக்கும் சொல்லிக்கினே இருக்கணும்" என்பார். ஆனால் கடைசிப் பெயர்வரை வாசிக்கச் சொல்லாமல் போனை வைத்ததில்லை. சில நாட்கள் நானும் மெதுவாகவே வாசித்தேன். அந்த அறையில் தமிழை வாய்விட்டு வாசிக்க எனக்கும் வேறு காரணம் இருக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றார். பத்திரிகைகள் வருவது குறைந்தது. நானும் சில மாதங்கள் மதுரையில் இருந்தேன். திரும்பி வந்த பிறகு ஒருநாள் மதியம் அவர் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. வழக்கம்போல அச்சடித்த தமிழ்ப் பத்திரிகை. கையில் வேலை இருந்ததால் உடனே திறக்கவில்லை. இப்போது போன் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். போன் வரவில்லை. சாயங்காலம் திறந்தேன். மேலே கறுப்புக் கட்டம். உள்ளே அக்காவின் படம், அதே ஸ்வெட்டரில். பதினாறாம் நாள் காரியத்துக்கான பத்திரிகை. அவர் தம்பி அக்காவின் போனில் இருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பியிருந்தார். நான் அதை வாய்விட்டுத்தான் வாசித்தேன். வாசிக்கும்போது அவருடைய முழுப்பெயரைத் தமிழில் பார்ப்பது அதுவே முதல்முறை என்று தெரிந்தது.

ஓசூருக்குப் போன் செய்தேன். மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்ததாம், உள்ளே வேறு ஏதோ இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றார் தம்பி. "நீங்க அக்காகூட வேலை செஞ்சவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இது நடந்து ஓராண்டுக்கு மேலாகிறது. இந்த வருடம் ஜப்பானிலிருந்து ஒரு நிறுவனம் எங்களிடம் ஒரு தேடலைக் கொடுத்தது. அவர்கள் ஒரு புதிய கோல்ஃப் பந்து வடிவமைத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன், அதே யோசனை உலகில் வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விவரத்தை இரண்டாம் முறை படித்தேன். கோட்டருகே ஆழம் குறைந்த குழிகள், கூரான விளிம்பு. தேடலைச் செய்த மராத்திப் பெண், எனக்கு உதவியாக இருப்பவள், மறுநாளே வந்து சொன்னாள்: "சார், இந்திய விண்ணப்பம் ஒன்று அப்படியே இருக்கிறது. நிராகரிக்கப்பட்டது. ஆனால் வெளியிடப்பட்டிருக்கிறது, அதனால் கணக்கில் வரும். இதுதான் மிக நெருக்கமானது." கண்டுபிடித்தவர் பெயரை அவள் திரையைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி உச்சரித்தாள். நான் திருத்தினேன். "தெரிந்தவரா சார்?" என்றாள். எங்கள் அக்கா என்றேன்.

காப்புரிமை மறுக்கப்பட்டாலும், வெளியிடப்பட்ட விண்ணப்பம் செத்துப்போவதில்லை. அதில் இருப்பதை அதற்குப் பின் வருபவர் எவரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. தெரிந்த விதிதான். அறிக்கையில் முதல் ஆவணமாக அக்காவின் பெயரை எழுதினேன். உங்கள் யோசனை புதிதல்ல, இவர் முன்பே சொல்லிவிட்டார் என்று முடிவு எழுதி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில், அவர்களுடைய தலைமை வடிவமைப்பாளர் என்னோடு காணொளியில் பேச வேண்டும் என்றார். வயதானவர். வாழ்நாள் முழுக்கப் பந்துகளில் குழி வைப்பதையே செய்தவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். சண்டைக்கு வருகிறாரோ என்று நினைத்தேன். அவர் மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்த இந்தியப் பெண்மணியோடு பேச முடியுமா? அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது."

இறந்துவிட்டார் என்றேன். அவர் தலையைத் தாழ்த்தினார். பிறகு, பந்தின் மேல் காற்றைச் செலுத்திப் பார்க்க அக்கா எந்தக் காற்றுச் சுரங்கத்தைப் பயன்படுத்தினார் என்று கேட்டார். காற்றுச் சுரங்கம் எதுவும் இல்லை, மைதானத்தில் குடையோடு நின்று கொடி நட்டார் என்றேன். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். தவறாகத் தேய்ந்து கழிவில் போன பந்துகளைப் பற்றிச் சொன்னேன். காப்புரிமை ஏன் கிடைக்கவில்லை என்றார் கடைசியாக.

"துறையில் தேர்ந்த எவருக்கும் தோன்றியிருக்கும் என்று முடிவு செய்தார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவு காலம் எனக்குத் தோன்றவில்லையே" என்றார். "எங்களிடமும் தேய்ந்த பந்துகள் இருந்தன. எறிந்துகொண்டுதான் இருந்தோம்."

அழைப்பு முடிந்ததும் அந்தச் சின்ன அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ மதியச் சாப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'எனக்குத் தோன்றவில்லையே' என்பதை அவர் சொன்ன ஆங்கிலத்தில் அல்லாமல் தமிழில் ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன், அக்காவுக்குச் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேனோ அப்படி. அக்காவுக்கு அந்தத் தேர்ந்த ஆள் கிடைத்துவிட்டார். எல்லாம் படித்தவர், கேட்டால் பதில் சொல்லியிருப்பார்.